ஓதம் அடிக்கும் வீட்டுக்கு எந்தப் பலகை? பிளைவுட், எச்.டி.எச்.எம்.ஆர், டபிள்யூ.பி.சி

கார்முகில்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் உள்வேலை தொடங்கப்போகிறோம். என்ன பலகை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வருடத்தில் பாதிக்கு மேல் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் இடம் இது. மழைக்காலம் வந்தால் தோல் பை, புத்தக அட்டை எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும்.

வேலை நான்கு இடத்தில். சமையலறையின் கீழ் அலமாரி, படுக்கையறையில் துணி அலமாரி, குளியலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, கூடத்தில் டிவி சுவர். பி.டபிள்யூ.பி (கொதிநீர் தாங்கும் பசையில் ஒட்டிய) பிளைவுட் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார் ஒருவர். எச்.டி.எச்.எம்.ஆர் (அடர்த்தியாக அழுத்திய, ஈரம் தாங்கும் மரநார்ப் பலகை) வந்தபிறகு பிளைவுட் எதற்கு என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் டபிள்யூ.பி.சி (பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த பலகை) தவிர எல்லாமே ஊறிப்போகும் என்கிறார். எங்கள் வீட்டிலோ, ஒரே பலகையை எல்லா இடத்துக்கும் போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள். பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:
யோசிக்கவே வேண்டாம், டபிள்யூ.பி.சி போடுங்கள். நாங்கள் கடலை ஒட்டி இருக்கிறோம். குளியலறைக் கதவும் தொட்டிக்குக் கீழுள்ள பெட்டியும் அதில்தான் செய்தோம். தினமும் தண்ணீர் தெறிக்கிறது, உப்பவில்லை, கரையான் அண்டவில்லை. அதே வீட்டில் சாதாரண எம்.டி.எஃப்-இல் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) செய்திருந்த பழைய பெட்டியின் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பிளாஸ்டிக்கே பெரும்பங்கான பலகைக்கு ஓதத்தால் என்ன வரும்?

உளிச்சத்தம்:
நெய்தல் சொல்றது குளியலறைக்குச் சரி. வீடு முழுக்கன்னு சொல்லும்போதுதான் எனக்கு ஒத்துவரல. நாங்க பரம்பரையா தச்சுவேலை செய்றவங்க. டபிள்யூ.பி.சி, நுரை பிளாஸ்டிக் பலகையான பி.வி.சி ஃபோம் ரெண்டுலயும் நிறைய வேலை செஞ்சிருக்கேன். தண்ணிக்கு அசையாது, உண்மை. ஆனா நீளத் தட்டு போட்டு மேல துணியோ பாத்திரமோ அடுக்கினா நடுவுல தொங்கிடும். விறைப்பு கம்மி. கீல் ஸ்க்ரூவை ரெண்டு மூணு தடவை கழட்டி மாட்டினா ஓட்டை பெரிசாகி பிடிப்பு போயிடும். ஏழடி ஷட்டர், அதான் அலமாரிக் கதவு, அதுல செஞ்சு கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுப்புக்குப் பக்கத்துலயும் வேண்டாம். சூட்டுக்கு இளகும்.

பிசின்:
நான் பலகை ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் இருப்பவன். கார்முகில், எந்தப் பலகை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த இடத்துக்கு ஈரம் எந்த வழியாக வருகிறது? காற்று வழியாகவா, தண்ணீராகவா? இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வருகிறது.

காற்றில் உள்ள ஈரம் மெதுவாக வேலை செய்யும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரம் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீத நீரோடு நிலைகொள்ளும். 80 சதவீதத்தில் அது 16-ஐ நெருங்கும், 90-இல் 20 வரை போகும். 20-ஐத் தாண்டாதவரை மரம் அழுகாது. ஆனால் மேற்பரப்பை ஒட்டிய காற்று தொடர்ந்து 80-க்கு மேல் இருந்தால் பூசணம் வந்துவிடும். பூசணமும் அழுகலும் வேறு வேறு. உங்கள் புத்தக அட்டையில் பார்ப்பது பூசணம். அதற்குப் பலகையை மாற்றிப் பயனில்லை, காற்றோட்டம்தான் வேண்டும்.

தண்ணீராக வருவது வேறு கதை. எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு எல்லாம் நாரையும் தூளையும் சூட்டில் அழுத்திச் செய்பவை. அழுத்தத்தில் நசுங்கிய நார், தண்ணீர் பட்டதும் தன் பழைய வடிவத்துக்கு விரியும். விரியும்போது பசைப் பிணைப்பை அறுத்துக்கொண்டு விரியும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. பிளைவுட்டில் நார் அவ்வளவு நசுங்குவதில்லை. அது ஊறும், கொஞ்சம் தடிக்கும், காய்ந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அங்கே பலவீனம் பசைதான்.

பசையில் முக்கியமானவை மூன்று. யூரியா ஃபார்மால்டிஹைடு ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதையும். அதோடு மெலமைன் சேர்த்தது அதைவிடத் தாங்கும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு கொதிநீரையே தாங்கும். இந்தியத் தரமுத்திரையில் எம்.ஆர் (ஈரம் தாங்கும் வகை) என்பது 60 டிகிரி நீரில் 3 மணி நேரம், பி.டபிள்யூ.ஆர் (கொதிநீரை ஓரளவு தாங்கும் வகை) என்பது கொதிநீரில் 8 மணி நேரம், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி என்பது கொதிநீரில் 72 மணி நேரம். ஐரோப்பிய முத்திரையில் இ.என். 314 வகுப்பு 1 உலர்ந்த உள்ளிடம், 2 ஈரமான இடம், 3 வெளியிடம். இவையெல்லாம் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள். பலகை வளையாது, பூசணம் பிடிக்காது என்று இவற்றில் எதுவும் உறுதி சொல்வதில்லை.

ஆதிரை:
பிசின் சார், இரண்டு சந்தேகம். கடையில் எச்.டி.எச்.எம்.ஆர் பலகையைக் குறுக்கே வெட்டிப் பச்சையாகக் காட்டி, இதுதான் தண்ணீர் தாங்கும் என்கிறார்கள். அந்தப் பச்சையில் என்ன இருக்கிறது? இன்னொன்று, எங்கள் வீட்டில் கைக்குழந்தை. புதிய அலமாரியைத் திறந்தாலே கண் எரிகிறது. அது இந்தப் பசையிலிருந்தா?

பிசின்:
பச்சை வெறும் சாயம். ஈரம் தாங்கும் வகையை அடையாளம் காண ஆலைகள் கலப்பது, அவ்வளவுதான். சாயம் கலக்க எவராலும் முடியும். பிளைவுட்டிலும் இதே தந்திரம் உண்டு. ஃபீனால் பசைக் கோடு கருஞ்சிவப்பாக இருக்கும், யூரியா பசைக்கு நிறம் ஏற்றியும் அப்படிக் காட்டலாம். எனவே நிறத்தை நம்பாமல் 24 மணி நேர வீக்க அளவைக் கேளுங்கள். பலகை விவர அட்டையில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி 12 முதல் 19 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள சாதாரண எம்.டி.எஃப் 12 சதவீதம் வரை வீங்கலாம், ஈரம் தாங்கும் வகைக்கு 8 சதவீதம்தான் எல்லை. 18 மி.மீ. பலகையில் அது 2.2 மி.மீ.க்கும் 1.4 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு. நல்ல எச்.டி.எச்.எம்.ஆர் இதைவிட வெகுவாகக் குறைவாக வீங்கும், அடர்த்தியும் கனமீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எண்ணைக் காட்ட மறுக்கும் பலகையை வாங்காதீர்கள்.

கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடுதான் காரணம். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட வெளியேற்றமும் கூடும். அதனால் ஓதமான வீட்டில் இது இன்னும் முக்கியம். பொதுவாகக் கிடைப்பது இ1 என்ற ஐரோப்பிய வெளியேற்ற வரம்புக்குள் வரும் பலகை. அதைவிடக் கடுமையான வரம்பு அமெரிக்காவில் இருக்கிறது: பிளைவுட்டுக்கு பத்து லட்சத்தில் 0.05 பங்கு, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்-க்கு 0.11. குழந்தை உறங்கும் அறைக்கு அந்த வரம்புக்குள் வரும் பலகையைத் தேடுங்கள். வெட்டிய ஓரங்களையும் உட்புறத்தையும் மூடாமல் விட்ட அலமாரிதான் அதிகம் வெளிவிடும். இப்போதைக்குக் கதவுகளைத் திறந்து வைத்து, அறையின் சன்னல்களையும் திறந்து விடுங்கள். எரிச்சல் குறையும்வரை குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

ஆதிரை:
மிக்க நன்றி. உள்பக்கம் மைக்கா ஒட்டாமல் வெறும் பலகையாகத்தான் இருக்கிறது. அதை முதலில் மூடச் சொல்கிறேன்.

உளிச்சத்தம்:
உள்பக்கத்தை விடுறதுதான் வளையறதுக்கும் காரணம், தங்கச்சி. ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினா, ஒட்டாத பக்கம் ஓதத்தைக் குடிச்சு விரியும், ஒட்டின பக்கம் அசையாது. ஷட்டர் வில்லா வளைஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஒரே தடிப்புல ஒட்டணும், இல்லன்னா உள்பக்கத்துக்கு அதுக்குன்னே வர்ற சமன் ஷீட்டாவது ஒட்டணும். வெறும் பெயின்ட் ஒரு பக்கம், மைக்கா ஒரு பக்கம்னு செய்யச் சொன்னா நான் மாட்டேன்னுடுவேன்.

அப்புறம் ஓரம். பலகையோட முகத்துல தண்ணி புகாது, ஓரத்துலதான் புகும். சமையலறைப் பெட்டி எதுவானாலும் முதல்ல போறது அடிப்பலகையோட கீழ் ஓரமும் சிங்க் குழாய்க்கு வெட்டின ஓட்டையும்தான். கண்ணுக்குத் தெரியாத இடம்னு அதை அப்படியே விட்டுடுவாங்க. நாலு பக்கமும் எட்ஜ் பேண்ட், அதான் ஓரத்தை மூடுற பட்டை, ஒட்டச் சொல்லுங்க, பின்னாடி ஓரமும் சேர்த்து. இ.வி.ஏ பசை சூட்டுக்கும் ஆவிக்கும் விட்டுக்கொடுக்கும். பி.யூ.ஆர் பசை ஒருதடவை இறுகினா திரும்ப இளகாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் பி.யூ.ஆர்தான்.

வரைகோல்:
உள்வடிவமைப்பு என் தொழில். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்.

காற்று 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் என்றால் அதன் பனிநிலை 26 டிகிரி. அதாவது 26-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். ஏசியை 22-இல் ஓட்டும் அறையின் சுவர் அடுத்த பக்கத்திலும் குளிரும். அந்தப் பக்கம் ஏசி இல்லாத அறை, அதில் சுவரோடு ஒட்டிய அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சொட்டுத் தண்ணீர் தெரியாது, பின்பலகை மட்டும் ஆண்டு முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். பி.டபிள்யூ.பி பிளைவுட்டே ஆனாலும் அதில் பூசணம் பிடிக்கும். ஏசி அறைக்குள் வெளிச்சுவரை ஒட்டி வைத்தாலும் இதே தொல்லைதான். வெளியேயிருந்து சுவர் வழியாக உள்ளே வரும் ஈரம், அலமாரியின் முதுகில் முட்டி நின்றுவிடும்.

சுவருக்கும் அலமாரிக்கும் இடையே விரல்தடிப்பு இடைவெளி விடுங்கள். அதற்கு மேலும் கீழும் காற்றுப் போக வழி இருக்கட்டும். உச்சியை முட்டி அடைத்துவிட்டால் இடைவெளி விட்டும் பயனில்லை. சமையலறைக் கீழ்ப்பெட்டிகள் தரையில் உட்காரக் கூடாது. 100 மி.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கால்களில் நிற்க வேண்டும்.

புதுப்பூச்சுச் சுவரும் கவலைக்குரியது. 18 அங்குலச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்தாலோ சுவர் கருத்தாலோ இன்னும் காயவில்லை என்று பொருள். கான்கிரீட்டுக்கு ஏற்பட்ட சோதனை இது, பூசிய சுவரிலும் நல்ல அறிகுறி காட்டும்.

நெய்தல்:
பின்சுவர் விவரத்துக்கு நன்றி வரைகோல். ஆனாலும் உளிச்சத்தம் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். கரையானை விட்டுவிட்டீர்களே. இங்கெல்லாம் ஈரத்தைவிட அதுதான் பெரிய எதிரி. மருந்து போட்ட பிளைவுட் எத்தனை நாள் தாங்கும்? டபிள்யூ.பி.சி-யில் அந்தப் பயமே இல்லை.

உளிச்சத்தம்:
பாதி ஒத்துக்கறேன் தம்பி. ஃபோம் பலகையைக் கரையான் தின்னாது. ஆனா அதுக்குப் பின்னாடி மண்பாதை போட்டு மேல ஏறி, மேல இருக்கிற மரத்தையும் புத்தகத்தையும் தின்னும். அதனால பலகையை நம்பித் தரைக்கு மருந்து அடிக்காம விடாதீங்க. பிளைவுட்ல பசையோடயே மருந்து கலந்து வர்றது, வெளியில தடவினதைவிட நம்பகமானது. உளுத்துப்போறது வேற, அது வண்டு. மாவு மாதிரி கொட்டினா அதுதான். மருந்து ஏத்தாத வெள்ளைமரச் சீவல்ல செஞ்ச பலகைல வரும்.

பிசின்:
ஒரு சேர்க்கை. போரேட் வகை மருந்துகள் நீரில் கரையும். உலர்ந்த அலமாரியில் பிரச்சினை இல்லை, அடிக்கடி நனையும் இடத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும்.

தட்டு தொங்குவதைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்கு உண்டு. தட்டு முழுக்கச் சீராகப் பாரம் அடுக்கினால், தொங்கல் நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 60 செ.மீ. தட்டை 90 செ.மீ. ஆக்கினால் தொங்கல் ஐந்து மடங்கு. தடிப்பை 18-இலிருந்து 25 மி.மீ. ஆக்கினால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறையும். எந்தப் பலகையானாலும் இதே விதிதான். ஓதமான காற்றில் நார்ப்பலகையும் தூள்பலகையும் பாரத்தில் நாளடைவில் இன்னும் தணியும். அதனால் துணி அலமாரியில் நடுச்சுவர் ஒன்று கூடுதலாக வைப்பது, விலையுயர்ந்த பலகை வாங்குவதைவிடப் பயன் தரும். பி.வி.சி-யில் இன்னொன்று: வெப்பத்துக்கு மரத்தைவிட மிக அதிகமாக நீளும். இரண்டு மீட்டர் பலகை 20 டிகிரி மாற்றத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி விடாமல் மூலைக்கு மூலை இறுக்கினால் புடைத்துக்கொள்ளும்.

கார்முகில்:
நிறையத் தெளிந்தது. டிவி சுவருக்கு மரமே இல்லாத சிமென்ட் வகைப் பலகை, மெக்னீசியம் ஆக்சைடு பலகை என்று இரண்டு பேர் இரண்டு சொல்கிறார்கள். ஓதத்துக்கு அது நல்லதா? இன்னொன்று, மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

வரைகோல்:
மெக்னீசியம் ஆக்சைடு என்றால் கவனம் தேவை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கில் பல கட்டடங்களின் வெளிச்சுவரில் இவ்வகைப் பலகை போட்டார்கள். அதில் இருந்த மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து, பலகையிலிருந்து உப்புத்தண்ணீர் வடிந்தது. ஆணிகளும் ஸ்க்ரூக்களும் அரித்துப்போயின, ஒட்டியிருந்த மரச்சட்டமும் நனைந்தது. ஈரம் மிகுந்த இடத்தில் குளோரைடு வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிவி சுவருக்கு ஃபைபர் சிமென்ட் பலகையோ கால்சியம் சிலிக்கேட் பலகையோ போதும். டிவியின் எடையைப் பலகையில் தொங்கவிடாமல், பின்னாலுள்ள சுவரிலோ சட்டத்திலோ தாங்கவிடுங்கள்.

பிசின்:
சோதனை செய்யலாம், தாராளமாக. 50 மி.மீ. சதுரமாக வெட்டிய துண்டுகள் போதும். வெர்னியர் அளவியால் நடுவில் தடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரங்களை எதுவும் பூசாமல் சாதாரணத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி 24 மணி நேரம் வையுங்கள். துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி அளந்தால் வீக்க சதவீதம் கிடைத்துவிடும். ஆலையிலும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறோம். இதோடு நிறுத்தாதீர்கள். நிழலில் நன்றாகக் காயவைத்து மூன்றாம் முறையும் அளந்து பாருங்கள், மீண்டும் நனைத்து மீண்டும் காயவையுங்கள். ஒரு தடவை நனைத்தால் நன்றாக நிற்கிற பலகை, இரண்டாம் மூன்றாம் சுற்றில் பிளக்கத் தொடங்கும். ஐரோப்பியச் சோதனை விதியும் இதை மூன்று சுற்றாகத்தான் செய்கிறது, இடையே உறையவும் வைக்கிறார்கள். பிளைவுட்டில் வீக்கத்தைவிட அடுக்குப் பிரிகிறதா என்று பாருங்கள். கத்தி முனையை அடுக்குக்குள் நுழைத்துத் திருப்பும்போது மரநார் கிழிந்தால் பசை நல்லது. வழவழவென்று சுத்தமாகப் பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

எச்.டி.எச்.எம்.ஆர் துண்டில் ஸ்க்ரூவும் போட்டுப் பாருங்கள். நனைப்பதற்கு முன் ஒன்று, காய்ந்த பிறகு ஒன்று. முன்துளை போடாமல் ஓரத்தில் திருகினால் அடர்த்தியான பலகை வெடிக்கும். அது தச்சரின் கைப்பழக்கம், பலகையின் குறை ஆகாது.

நெய்தல்:
குளியலறைக்கு டபிள்யூ.பி.சி-தான் என்பதில் எல்லோரும் உடன்படுகிறோம் என்று நினைக்கிறேன். கீலும் கைப்பிடியும் கவனம். முலாம் பூசியதெல்லாம் கடற்காற்றில் துருப்பிடித்தது, துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபிறகு தொல்லை இல்லை.

கார்முகில்:
இப்படி முடிவு செய்திருக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். குளியலறைப் பெட்டிக்கு டபிள்யூ.பி.சி, கீலுக்கு துருப்பிடிக்காத எஃகு. சமையலறையில் சிங்க் இருக்கும் பெட்டிக்கும் அதன் இரண்டு பக்கப் பெட்டிக்கும் பி.டபிள்யூ.பி பிளைவுட், மற்ற பெட்டிகளுக்குப் பி.டபிள்யூ.ஆர். சமையலறை ஷட்டர்களுக்கு எச்.டி.எச்.எம்.ஆர், இரண்டு பக்கமும் மைக்கா, பி.யூ.ஆர் ஓரம். துணி அலமாரியின் உடம்புக்கும் (கதவு நீங்கலான பெட்டி) பிளைவுட், நடுச்சுவர் கூடுதலாக, பின்னால் இடைவெளி. டிவி சுவருக்கு ஃபைபர் சிமென்ட். அலமாரியின் நீளக் கதவு மட்டும் புரியவில்லை.

உளிச்சத்தம்:
நீளக் கதவுக்குப் பிளாக்போர்டு, அதான் உள்ள கட்டை அடுக்கி மேல சீவல் ஒட்டின பலகை. உள்ள பைன் கட்டைங்க நீளவாக்குல ஓடறதால வளையாது, எடையும் கம்மி. பி.டபிள்யூ.பி பசைல செஞ்சதா கேளுங்க. வாங்கற அன்னிக்கே கட்டைங்க நடுவுல இடைவெளி இருக்கான்னு ஓரத்தைப் பாருங்க. கீல் வர்ற இடத்துல இடைவெளி விழுந்தா ஸ்க்ரூ நிக்காது. பலகை வந்து இறங்கினதும் அன்னிக்கே வெட்ட விடாதீங்க. வேலை நடக்கிற அறையிலயே மட்டமா படுக்க வச்சு, ரெண்டு நாளாவது அந்தக் காத்துக்குப் பழகட்டும். சுவத்துல சாய்ச்சு வச்சா அங்கேயே வளையும்.

வரைகோல்:
பட்டியல் சரியாக இருக்கிறது. சமையலறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவி வரும் பாத்திரக் கழுவியோ அடுப்பறை ஓவனோ வைக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு மேலே வரும் மேடைப்பலகையின் அடிப்பக்கத்திலும் பக்கத்து ஷட்டரின் ஓரத்திலும் ஆவி நேராக அடிக்கும். ஆவிக்கென்று ஒட்டும் அலுமினியப் படலத்தை மேடையின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள்.

கார்முகில்:
பாத்திரக் கழுவி வரப்போகிறது, குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. சிங்க் குழாய்க்கான ஓட்டையை எப்படி மூடுவது? அங்கே எட்ஜ் பேண்ட் வளையாதே.

உளிச்சத்தம்:
வளையாதுதான். வட்டக் கத்தில சுத்தமா வெட்டி, தூளைத் தட்டிட்டு, வெட்டின முகத்துல இரண்டு பூச்சு எபாக்சியோ பி.யூ வார்னிஷோ உறிஞ்ச உறிஞ்ச அடிக்கணும். முதல் பூச்சை முழுசா குடிச்சிடும், காய்ஞ்சதும் ரெண்டாவது. குழாய் மாட்டின பிறகு சுத்தி சிலிக்கான். பிளம்பர் வந்து வேற இடத்துல புதுசா ஓட்டை போட்டார்னா அன்னிக்கே அதுக்கும் இதே பூச்சு அடிச்சுடுங்க. குழாய் மாட்டிட்டா அந்த ஓட்டைக்குள்ள பிரஷ் போகாது.